எச்சில் படாத வீடு

ஆவுடை தண்ணீர் குடிக்கிற அழகைப் பார்த்துத்தான் குணாளனுக்கு அவள்மேல் ஆசை வந்தது. கடற்பாசி வளர்க்கிற தொழிற்சாலையின் கேன்டீனில், மதியக் கூட்டத்தின் நடுவில், அவள் பாட்டிலை முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடி, மடமடவென்று குடித்தாள். பாட்டில் உதட்டில் படவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை. தீவிலேயே பிறந்து, தாத்தா காலத்திலிருந்து குடியுரிமையோடு வாழ்கிற குணாளனுக்கு இப்படி ஒரு வித்தை உலகத்தில் உண்டென்றே தெரியாது.

"எப்படிங்க இது?" என்று எழுந்து போய்க் கேட்டே விட்டான்.

"எப்படின்னா? வாய வச்சா எச்சில்லா?" என்றாள் அவள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற முகத்தோடு.

அன்றைக்கு மாட்டியவன்தான். பின்னால் அந்த வித்தையே அவர்கள் குடும்பத்துக்கு வினையாக வந்து நிற்கும் என்று அவன் கனவா கண்டான்?

ஆவுடைநாயகிக்குத் திருநெல்வேலிப் பக்கம். முட்டையின் வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற சைவக் குடும்பம். கடலைத் தூர்த்துக் கட்டிய இந்தத் தீவுக்கு ஒர்க் பெர்மிட்டில் வந்து, பாசித் தொட்டிகளில் உப்பும் சத்தும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். தீவின் சட்டம் தெளிவானது. நாற்பது வயதோடு பெர்மிட் முடிந்துவிடும். முட்டி வலிக்க ஆரம்பிப்பதற்குள் ஆளை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும், வைத்தியச் செலவு அந்த ஊர்க்காரன் பாடு. இவ்வளவு கூச்சமில்லாமல் யோசிக்க ஓர் அரசாங்கத்தால்தான் முடியும். குடிமகனைக் கட்டிக்கொண்டால் மட்டும் விதிவிலக்கு உண்டு, குடியுரிமையும் உண்டு.

குணாளனைக் கட்டும்போது அவளுக்கு முப்பத்தேழு. குடியுரிமைக்காகக் கட்டவில்லை. கட்டிய பிறகுதான் அது தேவை என்பதே உறைத்தது. மீன் தின்கிறவனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரில் அவளுடைய அண்ணன் தலைமுழுகிவிட்டார். நாற்பது வயதில் தீவு வெளியே தள்ளினால் போய் நிற்பதற்கு ஒரு வாசல் கிடையாது.

கல்யாணம் நிஜமா பொய்யா என்று தீவு எப்படிக் கண்டுபிடித்தது என்பதைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கேள்வி கேட்டார்கள். கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பீர்கள், மாமியார் பெயர் என்ன என்று. புரோக்கர்கள் அதற்கு டியூஷன் வைத்தார்கள். நிஜப் புருஷன் மாமியார் பெயரை மறந்து திருதிருவென்று முழிக்க, பொய்ப் புருஷன் கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் போனான். கடைசியில் அரசாங்கம் ஆளிடம் கேட்பதை விட்டுவிட்டு ஆளின் வயிற்றிடம் கேட்க ஆரம்பித்தது.

முதல் பரிசோதனைக்குப் பிறகு அதை அவர்களுக்கு விளக்கியவர் குடும்ப உறுதி அலுவலகத்தின் அதிகாரி பத்மலோசினி. தீவுத் தமிழ்ப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார்.

"நம்ம வயித்துக்குள்ள கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்கு. கிருமின்னு பயப்படாதீங்க, நல்லது செய்ற ஜாதிதான். ஒரே வீட்ல வருஷக்கணக்கா சேர்ந்து வாழ்றவங்க வயித்துல அது ஒரே மாதிரி ஆயிடும். நூத்துக்கு அறுபதாவது ஒத்துப் போகணும். உங்களுக்கு முப்பத்திநாலு. நிஜமாவே ஒரே வீட்லதான் இருக்கீங்களா?"

"ஒரே வீடுதான் மேடம். ஒரே கட்டில்," என்றான் குணாளன். சொன்ன பிறகு காது சூடாயிற்று.

"கட்டில் பத்தாது தம்பி. வயித்துக்குப் போற வழி வாய்தான். ஒரே டம்ளர், ருசி பாத்த கரண்டி, பாதி கடிச்ச பழம், இதுலதான் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போகும். வீட்ல எப்படிச் சாப்பிடுறீங்க?"

அதற்கு ஆவுடை நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். அவருக்குத் தட்டு தனி, எனக்குத் தட்டு தனி. மீன் சட்டி பால்கனி அடுப்பில், என் பாத்திரம் உள்ளே. கரண்டியை வாயில் வைக்கவே மாட்டேன், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத்தான் உப்புப் பார்ப்பேன். பாட்டில் தனித்தனி. இருந்தும் அண்ணாந்துதான் குடிப்பேன்.

"கல்யாணமான நாள்ல இருந்து எங்க வீட்ல ஒரு பொருள்ல எச்சில் பட்டதில்ல மேடம்," என்று முடித்தாள். நற்சான்றிதழ் வாங்க வந்தவளின் குரல் அது.

பத்மலோசினி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். "அம்மா, நீங்க இதைப் பெருமையா சொல்றீங்க. நான் ரிப்போர்ட்ல என்னன்னு எழுதுறது?"

நல்ல மனுஷி. எழுதாமல் விட்டார். இன்னொரு வாய்ப்பு உண்டு, ஆறு மாதம் கழித்து. ஆவுடைக்கு நாற்பது பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். அதிலும் தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஆவுடையின் பழைய ஹாஸ்டல் சிநேகிதி சலேத் மேரி விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் தூத்துக்குடிக்காரி. அவளுடையது அக்மார்க் பொய்க் கல்யாணம். ஒரு டாக்ஸிக்காரன் காசு வாங்கிக்கொண்டு கட்டினான். எழுபத்திரண்டு வாங்கித் தேறிவிட்டாள்.

"எங்களுக்குள்ள ஒண்ணும் கிடையாதுண்ணே. அவன் மகா கஞ்சன். ஒரு பிரியாணி பொட்டலம் வாங்கி ரெண்டு பேரும் ஒண்ணா திம்போம், ஒரு ஸ்பூன்ல. அதுலயே ஜோடி சேந்துட்டோம் போல!" என்றாள் குணாளனிடம். பிறகு ஆவுடையின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாளே வீட்டில் ஒரே தட்டு வந்தது.

குணாளன் மீனை விட்டான். அது அவன் போட்ட பங்கு. பெரிய பங்குதான், மீன் இல்லாத சோறு அவனுக்குச் சோறே இல்லை. ஆனால் ஆவுடை போட்ட பங்குக்கு முன்னால் அது தூசு. முதல் வாரம் அவள் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் குளியலறைக்கு ஓடினாள். வாந்தி எடுத்து, முகத்தைக் கழுவி, திரும்பி வந்து உட்கார்ந்து, "ம், வைங்க," என்பாள். அவன் குடித்து மிச்சம் வைத்த காபியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாய் வைத்துக் குடிப்பாள். விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளைகூட அதைவிட நிம்மதியாகக் குடிக்கும்.

இதில் குணாளனுக்கு ஒரு வெட்கக்கேடு இருந்தது. அவனுக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. ஒரே தட்டில் அவள் விரல் அவன் விரலில் இடிப்பதும், "அந்தப் பக்கம் உங்களுக்கு, இந்தப் பக்கம் எனக்கு" என்று அவள் சோற்றில் கோடு கிழிப்பதும், கடைசி அப்பளத்துக்குப் போட்டி போடுவதும் அவனுக்குப் பிடித்திருந்தன. அவள் குமட்டலை விழுங்குகிற அதே நேரத்தில் தான் சந்தோஷமாக இருப்பதை நினைத்துத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. இருந்தாலும் பிடித்துத்தான் இருந்தது, அதற்கு அவன் என்ன செய்வான்?

நான்காவது மாதம் ஆவுடைக்குக் காய்ச்சல் வந்தது. இடுப்புக்கு மேலே முதுகில் குத்துகிற வலி, பல் கிட்டுகிற குளிர். சிறுநீரகத்தில் கிருமித் தொற்று என்பதை வீட்டுச் சுவரில் இருந்த வைத்தியத் திரையே சொல்லிவிட்டது. உடனே ஆஸ்பத்திரி போகச் சொல்லி மஞ்சள் விளக்கும் போட்டது.

"கெளம்பு, போலாம்," என்றான் குணாளன்.

"போனா என்ன தருவாங்க? ஆன்டிபயாடிக். அது வயித்துல நல்லது கெட்டது ஒண்ணு விடாம வழிச்சு எடுத்துரும். நாலு மாசமா நான் வாந்தி எடுத்து வாந்தி எடுத்துச் சேத்ததெல்லாம் போச்சா? ஆஸ்பத்திரில பதிவு பண்ணுவாங்க. பண்ணுனா பரிசோதனை ஒரு வருஷம் தள்ளிப் போயிரும். அதுக்குள்ள எனக்கு நாப்பது வந்துரும்லா."

"உயிர் போயிடும்டி!"

"போகாது. எங்க அம்மைக்கு இதே வந்து தானா சரியாச்சு. என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. ஆஸ்பத்திரி கிடையாது, மருந்து கிடையாது. பண்ணுங்கங்கேன்!"

பண்ணினான். அவள் தலை கொதித்தது.

போன வருஷம் அவர்கள் தொழிற்சாலையிலேயே ஒருத்தி இப்படிச் செத்துப்போனாள். பரிசோதனைக்குக் கொஞ்ச நாள் இருக்கிறது என்று நிமோனியாவை மறைத்து மறைத்து வேலைக்கு வந்தவள். தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இரங்கல் அறிவிப்பில் "இயற்கை மரணம்" என்று போட்டார்கள். குணாளனுக்கு அந்தப் பெண்ணின் முகம் நன்றாக ஞாபகம் இருந்தது.

மூன்றாம் நாள் ஆவுடை சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாள். அவனை அண்ணன் என்று நினைத்துக்கொண்டு, "கதவத் தெறங்க, நான் ஒண்ணும் திங்கலை, நான் ஒண்ணும் திங்கலை," என்று அழுதாள். குணாளன் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு நேராக சலேத் மேரி வீட்டுக்குப் போனான். பெர்மிட் ஆட்கள் ஊரிலிருந்து வரும்போது மாத்திரை அட்டைகளைத் துணிக்குள் சுருட்டிக் கொண்டு வருவார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

சலேத் பெட்டியைக் குடைந்து அட்டையை எடுத்தாள். தரத்தான் தயங்கினாள். "அண்ணே, அவளுக்குத் தெரிஞ்சா சென்மத்துக்கும் உங்கள மன்னிக்க மாட்டா."

"மன்னிக்க வேண்டாம். உயிரோட இருந்து மன்னிக்காம இருக்கட்டும்," என்றான்.

மாத்திரை கசப்பு. ஆவுடையின் நாக்கோ உள்ளங்கைச் சொட்டில் ஒரு கல் உப்பு கூடினாலும் குறைந்தாலும் சொல்லிவிடும் நாக்கு. எதில் போட்டு மறைப்பது? கடை கடையாகச் சுற்றிப் பாகற்காய் வாங்கினான். பால்கனி அடுப்பில் மீன் பொரிப்பதைத் தவிர வேறெதுவும் சமைத்தறியாதவன், சுவர்த்திரையைக் கேட்டுக் கேட்டுப் பாகற்காய்க் குழம்பு வைத்தான். மாத்திரையை நசுக்கி அதில் கலந்தான். ஒரே தட்டில் சோற்றைப் பிசைந்து, அவளைத் தலையணையில் சாய்த்து ஊட்டினான். தான் தின்னாவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வருமே என்று, அவளுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். அப்படியே சேர்த்துச் சேர்த்துத் தின்றான். குணாளனுக்குப் பாகற்காய் என்றால் ஜென்மப் பகை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அது பாகற்காயால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை.

ஒரு வாரம், வேளை தவறாமல் பாகற்காய். காய்ச்சல் இறங்கியது. வலி போயிற்று. எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு ஆவுடை தட்டைப் பார்த்துக்கொண்டே, "பாகற்காய் உடம்புக்கு நல்லதுதான் போல," என்றாள். அவன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டான்.

உயிர் பிழைத்தாள், சரி. ஆனால் குடியுரிமை போய்விட்டது என்பது அவனுக்குத் தெரியும். அவளுடைய வயிற்றை அவனே வழித்துத் துடைத்துவிட்டான். மிச்சமிருந்த நாட்களில் அவள் தவறாமல் அவன் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கும்போதெல்லாம், வேண்டாம் விடு, எல்லாம் வீண் என்று கத்த வேண்டும் போல இருக்கும். கத்தவில்லை. தைரியம் இல்லை.

பரிசோதனை முடிவு வந்த அன்று இருவரும் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். பத்மலோசினி திரையைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தொண்ணூத்தி மூணு," என்றார்.

ஆவுடை கையெடுத்துக் கும்பிட்டாள். குணாளனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"கும்பிடாதீங்கம்மா. இருபது வருஷம் குடித்தனம் பண்ணினவங்களுக்கே எழுபத்தஞ்சு தாண்டாது. தொண்ணூறுக்கு மேல வர்றதுக்கு ஒரு வழிதான் இருக்கு. ரெண்டு பேர் வயித்துலயும் முன்னால இருந்தது சுத்தமா இல்ல. எல்லாம் புதுசு, எல்லாம் ஒரே மாதிரி. ரெண்டு பேரும் ஒரே சமயத்துல ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, காலி பண்ணிட்டு, அப்புறம் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு நிரப்பியிருக்கீங்க. புரோக்கருங்க இதை 'கழுவி நடுறது'ன்னு சொல்வாங்க. பெரிய மோசடி இது. நிரூபணமானா கல்யாணமே பொய்னு எழுதணும்."

அப்போதுதான் குணாளனுக்கு உறைத்தது. அந்த ஒரு வாரத்தில் அவளுக்கு ஒரு வாய் தனக்கு ஒரு வாய் என்று அவன் தின்றதும் அதே மருந்துதான்.

பத்மலோசினி பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் இப்ப கேக்கறதுக்கு ரெண்டு பேரும் நல்லா யோசிச்சுப் பதில் சொல்லுங்க. சேர்ந்து தெரிஞ்சே செஞ்சதா இருந்தா மோசடி. அம்மா ஊருக்குப் போயாகணும், திரும்ப வரவே முடியாது. தம்பிக்கு அபராதத்தோட போயிடும். ஆனா, பெண்டாட்டிக்குத் தெரியாம புருஷன் மருந்து கலந்து குடுத்திருந்தா அது வேற குத்தம். அம்மா பாதிக்கப்பட்டவங்க ஆயிடுவாங்க. பாதிக்கப்பட்டவங்களை இந்த நாடு வெளிய அனுப்பாது. அவங்க பேர்லயே குடியுரிமை குடுத்துடும்."

குணாளன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவளுக்குத் தெரியாது மேடம். நான்தான் குழம்புல கலந்தேன். அவளுக்குச் சத்தியமா தெரியாது." நடந்ததையெல்லாம் சொன்னான். அட்டை யார் தந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆவுடை பக்கம் திரும்பவே இல்லை, திரும்ப முடியவில்லை.

ஆவுடை கேட்டாள்: "இவருக்கு என்ன மேடம் ஆகும்?"

"மூணு வருஷம் ஜெயில்."

"வெளிய வந்த பொறவு?"

"பாதிக்கப்பட்டவங்க பக்கத்துல வர முடியாது. சேர்ந்து வாழ முடியாது. அது உங்க பாதுகாப்புக்காக உள்ள சட்டம்."

"நல்ல பாதுகாப்புத்தான்," என்றாள் ஆவுடை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எழுதிக்கிடுங்க மேடம். எனக்குத் தெரியும்."

"அம்மா, இன்னொரு தடவை கேக்குறேன்..."

"எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். தெரிஞ்சுதான் தின்னேன்."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் குணாளன் வெடித்தான். "பைத்தியமாடி உனக்கு? எதுக்கு அங்க போய்ப் பொய் சொன்ன? பேசாம இருந்திருந்தா இந்நேரம் உன் கையில குடியுரிமை! நான் மூணு வருஷம் உள்ள இருந்தா செத்தா போயிருவேன்?"

"நான் எங்க பொய் சொன்னேன்?"

"பின்ன என்ன?"

ஆவுடை சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "பாகற்காய் வாடை வந்தாலே ஜன்னலத் தெறக்கிற ஆளு நீங்க. உள் அடுப்படிப் பக்கமே எட்டிப் பாக்காதவரு வேள தவறாம பாகற்காய்க் குழம்பு வைக்கீங்க. வச்சு, அதத் தின்னவும் செய்யுதீங்க. எனக்கு நாக்கு செத்தா போச்சு? மொத வாய்லயே தெரிஞ்சுட்டு."

குணாளன் நின்ற இடத்திலேயே நின்றான். "தெரிஞ்சா ஏன் துப்பல?"

"துப்பணும்னுதான் பாத்தேன்." அவள் குரல் உடைந்தது. "சாகப் பயமா இருந்துது. சத்தியம் வாங்குனவ நான். அந்தச் சத்தியத்த உடச்சது நீங்களா இருக்கட்டும், நானா இருக்க வேண்டாம்னு பேசாம தின்னுட்டேன். ஒவ்வொரு வேளையும் நீங்க கண்ணத் தொடச்சுக்கிட்டுத் திங்கிறத பாத்துக்கிட்டே தின்னேன். அந்தப் பாவத்தையும் உங்க தலைல ஏத்திட்டு, உள்ள தள்ளிட்டு, குடியுரிமையையும் வாங்கி இடுப்புல செருகிக்கிடவா? நான் என்ன மனுஷியா மாடா?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அழுது முடிக்கிற வரை உட்கார்ந்தே இருந்தான். போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அந்த வராந்தாவில் அழுகை புதிதில்லை.

அழுது முடித்ததும் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். ஆறு மாதமாக இரண்டு பேருக்கும் ஒரே பாட்டில். சுவர்க் குழாயில் பிடித்து, நன்றாக அலசிக் கொட்டினாள். மறுபடியும் நிரப்பினாள். முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தூக்கினாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆறு மாதத்தில் இன்றைக்குத்தான் அவள் தாகம் தீரக் குடிக்கிறாள் என்று குணாளனுக்குத் தோன்றியது.

பாட்டிலை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கி வாய்க்குக் கொண்டுபோனான். படக்கென்று கையைப் பிடித்தாள்.

"வாய வைக்காதீங்க."

"ஏன்?"

"எங்க அண்ணன் வீட்ல வாய வச்சுக் குடிச்சீங்க, மொத நாளே வாசல்ல நிப்பாட்டிருவாரு. அவருகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க இதையாவது படிச்சிட்டு வாங்க."

குணாளன் அவளையே பார்த்தான். அவன் தீவை விட்டு ஒரு வாரம்கூட வெளியே இருந்ததில்லை. தாத்தா வாங்கிய குடியுரிமை, அப்பா கட்டிய வீடு, இருபது வருஷ உத்தியோகம். எல்லாம் ஒரு தடவை மனசுக்குள் வந்து போயிற்று. பயமாக இருந்தது. நன்றாகவே பயமாக இருந்தது.

"அங்க எனக்குப் பெர்மிட் தருவாங்களா?" என்று கேட்டான்.

"யாரு கண்டா. அங்க என்னத்த அளக்காங்களோ."

அவன் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கினான். தண்ணீர் மூக்கில் ஏறியது. சட்டையெல்லாம் நனைந்தது. இருமி, தும்மி, கண் சிவந்து நின்றான். ஆவுடை எழுந்து வந்து, அவன் பிடரியில் கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்தாள்.

"அவசரப்படாதீங்க. மூச்ச அடக்கிக்கிடுங்க. ம், இன்னொரு தடவ."